வேலைக் கணக்கு ஊர்வாரியாக வேண்டும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் புதிய ஆலை வருகிறது என்றால் இரண்டு வாக்குறுதிகள் முன்கூட்டியே வந்துவிடும்: உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, சுற்றுச்சூழலுக்குப் பாதுகாப்பு. அவற்றுக்கான ஆதாரம் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை இரண்டையும் விளம்பரமாகவே கருத வேண்டும் என்பது இதை எழுதும் மக்கள் அமைப்பின் நிலைப்பாடு.

இதே வட்டாரத்திலுள்ள தேர்வாய் கண்டிகையை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. ஆடுமாடு மேய்ந்த, விறகு கிடைத்த, ஏரிகளுக்கு மழைநீர் இறங்கிவந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேலான பொதுநிலம் அங்கே மாநில அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்காவானது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர் அது. மக்கள் எதிர்த்து நின்று போராடினார்கள். 2009இல் மிஷெலின் டயர் நிறுவனம் 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்குத் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 1,500 பேருக்கு வேலை என்றார்கள். 2012இல் உள்ளூர்ச் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகளும் பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டு நெறிகள் பற்றிய புகார்களைக் கேட்கும் பிரான்சின் தேசியத் தொடர்பு மையத்தில் புகார் கொடுத்தன. அந்த நடைமுறையில் நம்பிக்கையிழந்து அவர்கள் விலகினார்கள். நிறுவனம் அந்த நெறிகளை மீறவில்லை என்று மையம் 2013 செப்டம்பரில் சொன்னது. ஆனால் மேற்கொண்டு செய்ய வேண்டியவற்றையும் பரிந்துரைத்தது.

ஆலை வந்தது, வேலையும் வந்தது. அதை இந்த அமைப்பு மறுக்கவில்லை. 1,500 என்ற எண்ணுக்குள் மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊரார் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரம் யார், கான்ட்ராக்ட் யார், அப்ரண்டிஸ் முடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் யார் என்பதுதான் கேள்வி. கான்ட்ராக்டர் கொடுக்கும் துப்புரவு வேலையும், இயந்திரத்தை இயக்கும் நிரந்தர வேலையும் செய்திக்குறிப்பில் ஒரே எண்ணாகிவிடுகின்றன.

சுற்றுச்சூழல் பற்றிய பேச்சிலும் இதே எச்சரிக்கை தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, தன் ஆலையில் கசிவு இல்லை என்றே சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம்) எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் முதலில் கூறியது. எண்ணெய் அந்த வளாகத்திலிருந்து வந்ததை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அதற்குள் மீனவர்களின் வலையும் படகும் எண்ணெயில் ஊறியிருந்தன.

சுற்றுச்சூழல் வாக்குறுதியைச் சரிபார்க்கச் சட்டம் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை நிறைவேற்றியது குறித்து அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். யாரும் கேட்டு வாங்கலாம்.

அந்த அறிக்கை எளிய தமிழில், ஊர்வாரியான வேலைக் கணக்கோடு, ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஜூன் அறிக்கை ஆகஸ்ட் 15 கிராம சபையிலும், டிசம்பர் அறிக்கை ஜனவரி 26 கிராம சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். சிப்காட் நிர்வாகமும் மாவட்ட ஆட்சியரும் இதற்கு உத்தரவிட வேண்டும் என்று இந்த அமைப்பு கோருகிறது. உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: அடுத்த கிராம சபையில் ஊர்மக்களே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.