பழைய டிராக்டருக்கு ஓர் இரும்பு வளைவு

டிராக்டரைப் போல நீண்ட காலம் உழைக்கும் வண்டி வேறு இல்லை. கார் பத்து ஆண்டில் நமக்கு அலுத்துவிடுகிறது. கைத்தொலைபேசி மூன்று ஆண்டில் மூச்சை நிறுத்திக்கொள்கிறது. டிராக்டர் மட்டும் எண்ணெயை மாற்றி, டயரை மாற்றி, அவ்வப்போது இஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள்கூட ஓடும். 1960களில் வெளிவந்த மாஸி ஃபெர்குசன் 135 இன்றும் உலகின் பல நாடுகளில் வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. பால் ஏற்றியதும் அதுதான், செம்பனைக் குலை ஏற்றியதும் அதுதான்.

ஆனால் அந்த நீண்ட ஆயுளுக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அந்தக் காலத்து டிராக்டர்கள் பலவற்றில் ஓட்டுநரின் தலைக்கு மேல் வானம் மட்டும்தான். வண்டி கவிழ்ந்தால் ஒரு டன்னுக்குக் குறையாத இரும்புக்கும் தரைக்கும் நடுவில் அவர் மட்டும் இருப்பார்.

இதற்கு மருந்து எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் சுருக்கமாக ‘ரோப்ஸ்’ என்கிறார்கள். கவிழ்வுக் காப்பு வளைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தலைகீழாகக் கவிழ்த்த ‘ப’ போல நிற்கும் கனமான இரும்புச் சட்டம் அது. பின் அச்சின் உறையோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். நான்கு கால்களோடு கூரை உள்ளதும் உண்டு, முழுக் கூண்டாக அமைந்ததும் உண்டு. டிராக்டர் பக்கவாட்டில் சாய்ந்தால் பல நேரங்களில் அந்த வளைவு தரையில் ஊன்றி, மேற்கொண்டு உருளவிடாமல் தடுக்கும். உருண்டாலும் ஓட்டுநரைச் சுற்றி நசுங்காத ஓர் இடத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும். அந்த இடத்தைவிட்டு ஓட்டுநர் வெளியே வீசப்படாமல் இருக்கத்தான் இருக்கை வார். வளைவும் வாரும் சேர்ந்தால் கவிழும் விபத்துகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு பாதுகாப்பு கிடைக்கும் என்று இத்துறையில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.

“இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாத டிராக்டரா?” என்று கேட்கும் அண்ணன்மார் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இங்கே கணக்கு வேறு. பின் சக்கரம் சேற்றில் சிக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கிளட்சைச் சட்டென்று விடுகிறார். இஞ்சினின் விசைக்குச் சக்கரத்தைச் சுழற்ற வழியில்லை. அதனால் அது அச்சைச் சுற்றி வண்டியின் மூக்கையே மேலே தூக்குகிறது. இழுவைச் சங்கிலியைக் கீழே உள்ள கொக்கியில் மாட்டாமல் அச்சுக்கு மேலே எங்கேயாவது கட்டியிருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். மூக்கு தூக்கிய நேரத்திலிருந்து, இனிமேல் திருப்ப முடியாது என்ற கட்டத்தைத் தொட ஏறத்தாழ முக்கால் விநாடி போதும். ஒன்றரை விநாடியில் வண்டி தலைகுப்புற விழுந்துவிடும்.

முக்கால் விநாடி எவ்வளவு என்று வானொலிக்காரர்களுக்குத் தெரியும். ஒரு பாட்டு முடிந்து அறிவிப்பாளர் மூச்சை இழுத்து “வணக்கம்” என்று ஆரம்பிப்பதற்குள் அது போய்விடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருபது வருட அனுபவம் அந்த நேரத்துக்குள் வந்து உதவ முடியாது. அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் இரும்புதான் உதவும்.

பின்புறமாகக் கவிழ்வதைப் போலவே பக்கவாட்டில் கவிழ்வதும் நடக்கிறது. வடிகால் ஓரம் மண் சரிவது, படிக்கட்டு நிலத்தின் விளிம்பில் சக்கரம் இறங்குவது, இறக்கத்தில் பாரம் ஏற்றிய டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுவது, வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்புவது எல்லாமே அதற்குக் காரணங்கள். வேகம் இரண்டு மடங்கானால், திருப்பத்தில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை நான்கு மடங்காகிவிடுகிறது.

இந்த வளைவு வேலை செய்கிறதா என்பதற்குச் சுவீடன் நாட்டைப் பார்க்கலாம். 1959இல் அங்கே புது டிராக்டர் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புச் சட்டம் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது. அதோடு நிற்காமல், பிறகு படிப்படியாகப் பழைய டிராக்டர்களையும் விதிக்குள் கொண்டுவந்தார்கள். 1957இல் 6 விழுக்காட்டு டிராக்டர்களில்தான் அந்தச் சட்டம் இருந்தது. 1990இல் அது 93 விழுக்காடு. அதே காலத்தில், ஒரு லட்சம் டிராக்டருக்கு 17 என்றிருந்த கவிழ்வு மரணங்கள் 0.3 ஆக இறங்கின.

அமெரிக்காவின் கதை வேறு. 1976 அக்டோபர் 25க்குப் பிறகு தயாரான டிராக்டர்களில், ஊழியர்கள் ஓட்டுவதாக இருந்தால் வளைவு வேண்டும் என்று விதித்தார்கள். 1985 முதல் தயாரிப்பாளர்களே முன்வந்து புது டிராக்டர்களில் இதைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஆனால் அதற்கு முன்பு விற்ற லட்சக்கணக்கான டிராக்டர்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. சின்னக் குடும்பப் பண்ணைகளில் அந்த விதியின் கை எட்டவும் இல்லை. வளைவு வாங்கிப் பொருத்த ஆயிரம் டாலருக்கு மேல் ஆகலாம். பழைய வண்டிக்கு அவ்வளவு செலவா என்று விவசாயி தயங்குவார். எந்த மாடலுக்கு எந்த வளைவு, எங்கே கிடைக்கும் என்று தேடி அலைவதும் ஒரு தொல்லை.

2006இல் நியூயார்க் மாநிலம் இந்த இரண்டு தடைகளையும் சேர்த்தே கையிலெடுத்தது. விவசாயி ஒரு தொலைபேசி அழைப்பு செய்தால் போதும். அவருடைய டிராக்டருக்கு ஏற்ற வளைவை அவர்களே தேடிச் சொல்வார்கள். வாங்கிப் பொருத்திய பிறகு செலவில் 70 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும். அந்தத் திட்டம் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. மாஸி ஃபெர்குசன் 135, ஃபோர்டு 8என் போன்ற பழைய வண்டிகளுக்கு மலிவான வளைவை வடிவமைத்து வரைபடம் கொடுத்தது அந்நாட்டு அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிலையம்.

அங்கே டிராக்டரை வாங்குகிறவரும் ஓட்டுகிறவரும் பெரும்பாலும் ஒருவர்தான். அவரே மனம் மாறினால் போதும். நம் தோட்டங்களில் அப்படியில்லை. வண்டியை வாங்குவது ஒருவர், அதில் ஏறி உட்கார்வது இன்னொருவர். செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, ஆபத்து இருக்கையில் இருக்கிறது. அதனால்தான் இதை யாராவது வாய் திறந்து கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கு நம்மிடம் சட்டமும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, வேலையிடத்து இயந்திரங்களை இயன்றவரை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், வேலையில் உள்ள இடர்களை முதலாளி மதிப்பிட வேண்டும் என்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்கும் கொடுக்கிறது.

சரி, பொருத்துவதென்று முடிவாகிவிட்டால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். ஊர்ப் பட்டறையில் குழாயை வளைத்து வெல்டிங் செய்து வைப்பது வளைவு ஆகாது. வெயிலுக்காகக் கட்டிய தகரக் கூரையும் ஆகாது. பார்க்கும்போது தெம்பாக இருக்கும், கவிழும்போது காகிதமாக மடங்கும். உங்கள் டிராக்டரின் மாடலுக்கென்றே சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அந்தச் சான்றை வளைவிலேயே ஒட்டியிருப்பார்கள். போல்ட்டும் அவர்கள் சொன்ன தரத்திலேயே இருக்க வேண்டும். பின் அச்சின் உறையில் விரிசலோ துருவோ இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வளைவில் துளை போடுவதும், எதையாவது வெல்டிங் செய்து ஒட்டுவதும் அதன் பலத்தைக் கெடுத்துவிடும். ஒருமுறை கவிழ்ந்து வளைந்துவிட்டால் அதை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. அது தன் கடமையை முடித்துவிட்டது, புதிது மாட்டுங்கள்.

மட்டை இடிக்கிறது என்று வளைவைக் கழற்றிப் பட்டறை மூலையில் சாத்தி வைக்க வேண்டாம். தாழ்வான மரங்களுக்கு அடியில் போவதற்கென்றே மடக்கும் வளைவு உண்டு. அந்த இடத்தைத் தாண்டியதும் மறக்காமல் நிமிர்த்திவிட வேண்டும். வாரைப் பற்றியும் ஒரு விதியை நினைவில் வையுங்கள். வளைவு நிமிர்ந்திருந்தால் வார் கட்டாயம். வளைவே இல்லாத வண்டியிலும், வளைவை மடக்கிய நிலையிலும் வார் போடக் கூடாது. காப்பாற்ற எதுவுமில்லாத வண்டியோடு உங்களைக் கட்டிவைப்பது போலாகிவிடும்.

உங்கள் வீட்டில் யாராவது டிராக்டர் ஓட்டுகிறார்களா? அண்ணன், அப்பா, பக்கத்து வீட்டுத் தம்பி, யாராக இருந்தாலும் சரி, இந்த வாரம் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வண்டியில் வளைவு இருக்கிறதா? அதில் சான்று ஒட்டியிருக்கிறதா? வார் கட்டுகிறீர்களா? மூன்றில் ஒன்றுக்கு “இல்லை” என்று பதில் வந்தாலும், மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது அதைச் சொல்லச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயங்கினால் தொழிற்சங்கத்தின் மூலம் சொல்லலாம். வளைவைப் பொருத்த ஒரு நாள் வேலை நின்றாலும், மறுநாள் அதே வண்டி ஓடும், அதே ஆள் ஓட்டுவார்.