லாரி பறக்க வேண்டாம்!



சென்னையில் இருந்து தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளிக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். லாரி நிதானமாக வந்தாலும் ஏழெட்டு மணி நேரம்தான். ஆனால், நீங்கள் கேட்ட ஜியாமெட்ரி பாக்ஸ் வந்து சேர இரண்டு, மூன்று நாட்கள் ஆகிவிடுகிறதே... மீதி நேரமெல்லாம் அது எங்கே இருந்தது?

குடோனில்தான்! மூட்டையைப் பிரித்து, முகவரி படித்து, ஊர்வாரியாக அடுக்கி, அடுத்த வண்டி வரும்வரை காத்திருந்து... பார்சல் ஓடும் நேரத்தைவிடக் கிடக்கும் நேரமே அதிகம். அந்த நேரத்தைக் குறைத்துத்தான் விரைவு அஞ்சலும் கூரியர் நிறுவனங்களும் வளர்ந்தன.

நம் நாட்டில் அதற்கு முதலில் உதவியது கம்ப்யூட்டர் அல்ல. வெறும் ஆறு எண்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடு! இதை உருவாக்கியவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி. தர்மபுரிக்கு 636701. தமிழே தெரியாத டில்லி ஊழியர்கூட 6 என்ற முதல் எண்ணைப் பார்த்ததும் தெற்கே போகும் மூட்டையில் போட்டுவிடுவார். 1986-ல் ஸ்பீடு போஸ்ட் தொடங்கியபோதும் இந்த எண்கள்தான் கைகொடுத்தன.

அமெரிக்காவில் பெடக்ஸ் நிறுவனம் 1973 ஏப்ரல் 17-ல் சேவையைத் தொடங்கியது. முதல் நாள் இரவு 14 விமானங்கள். மொத்தப் பார்சல் 186! விமானத்துக்குப் பதின்மூன்று என்றால் நஷ்டம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் அவர்கள் பணம் போடுவதை நிறுத்தவில்லை. 1979-ல் பார்சல்களையும் வண்டிகளையும் கண்காணிக்கக் கம்ப்யூட்டர் வந்தது. பிறகு பார்கோடு. கை மாறும் இடத்திலெல்லாம் ஒரு 'பீப்'!

எந்த ஊருக்கு எத்தனை பார்சல் என்று முன்கூட்டியே தெரிந்தால், பாதி காலியாக லாரி ஓட வேண்டியதில்லை. ஒரு பார்சலுக்கு ஆகும் செலவு குறையும். அது குறைந்தால்தான் நகரத்தைத் தாண்டி நல்லம்பள்ளி வரைக்கும் கொண்டு வரக் கட்டுப்படியாகும்.

இயந்திரம் வாங்காமல் வேகம் காட்டவும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டிரைவரை விரட்டுவது! நல்லம்பள்ளியில் இருந்து சேலம் போகும் வழியில்தான் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் எத்தனை லாரிகள் கவிழ்ந்திருக்கின்றன, எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அங்கே வேகமாக ஓட்டி மிச்சம் பிடிப்பது சில நிமிடங்கள். குடோனில் ஒரு பெட்டி தப்பான வண்டியில் ஏறினால் வீணாவது ஒரு முழு நாள்! எங்கே பணம் போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்குள் வந்த பிறகும் ஒரு தொல்லை. 'கோவிலுக்குப் பின்னால், வேப்பமரத்து வீடு' என்று எழுதினால், பாவம், அந்த அண்ணன் எத்தனை வேப்பமரங்களைச் சுற்றுவார்? இதற்காக அஞ்சல் துறை 2025-ல் 'டிஜிபின்' கொண்டு வந்தது. நாட்டையே சுமார் நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடு. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒன்று, கொல்லைப்புறத்துக்கு வேறொன்று!

அன்புடன்,
ஆசிரியர்