கடல் கடந்த மங்கையர் எழுதிய நூல்கள்

பெண்மணிகள் எழுதும் ஐரோப்பியப் பிரயாண நூல்களைப் பொழுதுபோக்கிற்கு மட்டுமே உரியன என்று இகழ்வார் உளர். கணவரோடும் சுற்றத்தாரோடும் சென்று, தங்கிய வீட்டையும் உண்ட உணவையும் கண்ட கடைவீதியையும் எழுதிவிட்டால் ஒரு தேசத்தின் இயல்பு விளங்கிவிடுமோ என்பது அவர்தம் வினா. விளங்கும் என்பதே எமது கருத்து.

நமது சென்னையிலேயே இதற்குச் சான்றுண்டு. 1876ஆம் ஆண்டில் காண்ட்ஸ் சகோதரர் என்னும் அச்சகத்தார், 'இங்கிலாந்தின் சித்திரங்கள்' எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலொன்றை இந்நகரில் வெளியிட்டனர். தெலுங்கிலிருந்து பெயர்க்கப்பட்ட அந்நூலின் ஆசிரியை போத்தம் ஜானகம்மா ராகவையா என்பார். இந்தியப் பெண்ணொருவர் சீமையைக் குறித்து எழுதிய நூல்களுள் மிகப் பழையவற்றுள் இஃது ஒன்றாகும்.

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நாம் அக்காலத்துப் பிரயாணத்தின் அருமையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இன்று நம் கண்முன் நிற்கும் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டியது 1875இல்தான். அதற்கு முன்னர்க் கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழ்கடலில் நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளினூடே மக்களை ஏற்றியிறக்கின. 1861இல் அமைந்த இரும்புப் பாலமும் இத்துன்பத்தை முற்றும் நீக்கவில்லை. 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தபின் வழி சுருங்கியது. ஆயினும் கடல் கடந்தால் சாதி கெடும் என்னும் அச்சம் சுருங்கவில்லை. அந்நாளில் ஒரு பெண் சென்றதே அரிது. கண்டதை எழுதியது அதனினும் அரிது.

நிற்க. வங்காளத்துக் கிருஷ்ணபாபினி தாஸ் 1882இல் கணவரோடு இங்கிலாந்து சென்றார். 1885இல் அவரது வங்கமொழி நூல் ஆசிரியை பெயரின்றி வெளிவந்தது. ஆங்கில மகளிரின் கல்வியையும் உழைப்பையும், வீட்டினுள் அடைபட்ட தம் நாட்டு மகளிரின் நிலையையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். ஜஞ்சிரா நவாபின் மனைவியாகிய நஸ்லி பேகம், 1908இல் கணவரோடும் தங்கை அதியாவோடும் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்து, உருது மொழியில் நூல் எழுதினார்.

இத்தகைய நூல்களின் சிறப்பு யாது? பாராளுமன்றத்தையும் இயந்திரசாலையையும் வருணிக்க ஆடவர் பலர் இருந்தனர். அடுப்பை மூட்டுபவர் யார், ஏவலாளின் நிலை என்ன, பெண்மகவு படிக்கின்றதா என்பவற்றை இல்லத்தாளின் கண்ணே முதலிற் காணும். ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க இவையன்றோ கோல்? இந்நூல்களிற் குறையும் உண்டு. ஆள்வோரின் செல்வத்தைக் கண்டு வியக்கும் இடங்களில், அச்செல்வம் எங்கிருந்து வந்தது என்று வினவுதல் படிப்போர் கடன்.

மற்றொன்றும் கூறல் வேண்டும். கிருஷ்ணபாபினி தம் மகளைக் கணவர் வீட்டாரிடம் விட்டே கப்பலேறினார். குடும்பப் பிரயாணம் என்னும்போது, உடன் சென்றோரை மட்டுமன்றிக் கரையில் நின்றோரையும் நினைத்தல் வேண்டும். நம் பகுதியிலும் கப்பல் தொழிலுக்காகத் தந்தையோ தமையனோ அயல்நாட்டுத் துறைமுகங்களுக்குச் செல்ல, வீட்டில் காத்திருந்த தாய்மார் பலர். அவர்தம் வரலாற்றை எழுதுவார் யார்?

ஆதலின், நம் கல்லூரி நூலகம் இந்நூல்களைத் தேடிச் சேர்த்தல் நலம். பிறமொழி கற்றோர் அவற்றின் பகுதிகளையேனும் தமிழிற் பெயர்த்து இம்மலரில் வெளியிடுதல் அதனினும் நலம். மாணவ மாணவியரே! விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் அன்னையிடமும் பாட்டியிடமும் அவர்தம் பிரயாணங்களையும் காத்திருந்த நாட்களையும் கேட்டு எழுதி வாருங்கள். எழுதாதொழியின் அவை அவர்களோடே மறையும்.