பீரங்கிக்கு வரலாறு உண்டு, கோட்டை கட்டியவனுக்கு இல்லையா?



பினாங்கில் வளர்ந்த எல்லோரும் இந்தக் கதையைக் கேட்டிருப்போம். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கினாராம். கரையில் ஒரே காடு. வெட்ட ஆள் முன்வரவில்லையாம். உடனே வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசு பொறுக்கும் ஆசையில் கூலிகள் காட்டை வெட்டித் தள்ளினார்களாம்.

கொஞ்சம் யோசியுங்கள். இந்தக் கதையில் புத்திசாலி யார்? துரை. காசாசை பிடித்தவன் யார்? கூலி. வெட்டியவனின் வியர்வைக்கு இதில் இடமே இல்லை! அதே லைட் 1794-இல் எழுதிய கடிதத்தில் என்ன சொல்கிறார் தெரியுமா? சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலேறி வந்து வியாபாரமும் கூலி வேலையும் செய்கிறார்கள் என்கிறார். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் நம்மவர்கள். பீரங்கிக் காசு பொறுக்க வந்தவர்கள் அல்லர்.

அந்த வெள்ளிக் காசு இன்னும் மண்ணுக்குள் கிடக்கும் என்ற நப்பாசை இன்றும் பலருக்கு உண்டு. மெட்டல் டிடெக்டர் இப்போது இணையத்திலேயே வாங்கக் கிடைக்கிறது. பழைய கோட்டை, பழைய பங்களா, கைவிடப்பட்ட தோட்டம் என்று போய்த் தோண்டினால் நாலு காசு பார்க்கலாம் என்று நம் வீட்டுப் பையன்களுக்கும் தோன்றலாம். பெற்றோர்களே, தடுத்து நிறுத்துங்கள்! 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். தற்செயலாகக் கிடைத்தாலும் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். பணம் படைத்தவன் மாட்டினால் வக்கீல் வருவார். நம் பையன் மாட்டினால் யார் வருவார்?

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கருவி எதைக் கண்டு சத்தம் போடும்? காசு, பீரங்கிக் குண்டு, பட்டாளத்துக்காரன் பொத்தான். எல்லாம் துரைமார் சொத்து. நம் பாட்டன் பாட்டி விட்டுப்போனது என்ன? மண்சட்டி, அம்மிக்கல், அகல் விளக்கு. இவற்றுக்குச் சத்தம் வராது. காசைத் தேடித் தோண்டுகிறவன் சட்டி ஓட்டை உடைத்து வீசிவிட்டுப் போவான். ஒரு காசுக்காக நம் சாட்சியை நாமே அழிப்பதா?

2019-இல் கோர்ன்வாலிஸ் கோட்டையில் நடந்த அகழாய்வில் இரண்டு பழைய பீரங்கிகள் கிடைத்தன. நாடே பேசியது. நல்லதுதான். அங்கே ஏற்கெனவே ஸ்ரீ ரம்பாய் என்ற பீரங்கி இருக்கிறது. 1603-இல் டச்சுக்காரர்கள் செய்தது. ஜொகூர் சுல்தானிடம் போனது, ஆச்சே போனது, சிலாங்கூர் வந்தது, 1871-இல் வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு பீரங்கி யார் யார் கைக்கு மாறியது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்!

அந்தக் கோட்டையைக் கட்டியவன் கதை எங்கே? முதலில் நிபோங் மரங்களை நட்டு எழுப்பிய வேலிதான் கோட்டை. செங்கல்லும் கல்லும் வைத்து இன்றுள்ள கோட்டையை 1804 முதல் எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1796-இல் அந்தமான் சிறைக் குடியிருப்பு மூடப்பட்டபோது அங்கிருந்தவர்களும் பினாங்குக்கே அனுப்பப்பட்டார்கள். வங்காளம், சென்னை, பம்பாய் என்று எல்லா மாகாணத்தாரும் அதில் இருந்தனர். தமிழரும் இருந்தனர். ஆயுள் கைதிகள் நெற்றியில் பச்சை குத்தும் கொடுமை 1849-இல்தான் ஒழிந்தது. சாலை போட்டதும் சதுப்பு தூர்த்ததும் இந்தக் கைகளே. 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அவர்கள் காலில் கிடந்த விலங்கும் இரும்புதான். அதைத் தேடி யாராவது கருவியைத் தூக்கிக்கொண்டு போனதுண்டா?

2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமை நகரானது. அடுத்த ஆண்டே, 2009-இல், இதே தீவில் கம்போங் புவா பாலாவில் நம் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. 2013-இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி தரைமட்டமானது தெரியவந்தது. துரையின் பீரங்கி மரபுடைமை, நம் வீடும் நம் முன்னோர் வழிபட்ட இடமும் வெறும் நிலமா?

நாம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

ஒன்று: கோட்டையைக் கட்டியவர்கள் யார் என்பதைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் பெரிய எழுத்தில் கோட்டை வாசலில் எழுத வேண்டும்.

இரண்டு: அங்கே தோண்டி எடுக்கப்படும் மண்சட்டிக்கும் பீரங்கிக்குக் கொடுக்கும் அதே மரியாதை வேண்டும்.

மூன்று: சென்னையிலும் லண்டனிலும் உள்ள ஆவணக் காப்பகங்களின் பழைய ஏடுகளில் கிடைக்கும் கைதிகள், கூலிகள் பெயர்களைத் திரட்டி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைகளோடு கோட்டைக்குப் போகும்போது அறிவிப்புப் பலகைகளைப் படியுங்கள். லைட் பெயர் எத்தனை முறை வருகிறது, உழைத்தவன் எத்தனை முறை வருகிறான் என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. தாத்தாவின் கப்பல் சீட்டு, தோட்டச் சம்பளப் புத்தகம், பழைய பிறப்புப் பத்திரம், தோட்டத்து வீட்டுப் படம் எதையும் குப்பையில் போடாதீர்கள். பாட்டியின் பித்தளைக் குடத்தைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போடாதீர்கள். இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு அலுவலகப் படியேறும் முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படுவது என்ன? ஆதாரம்! அந்த ஆதாரத்தை எந்தக் கருவியும் நமக்காகத் தேடித் தராது. நாம்தான் காக்க வேண்டும்.

சிந்திப்பீர்! ஒன்றுபடுவீர்!