இரண்டாவது மருந்தும் முள்ளிவாய்க்கால் வீதியும்

"மூளைப் புற்றுநோய்க்குப் புதிய மருந்துக் கூட்டு" என்ற பாணியில் ஒரு தலைப்பு நமது பத்திரிகைகளில் அவ்வப்போது வந்துவிடுகிறது. செய்தி நிறுவனம் அனுப்பிய பிரதியின் முதல் மூன்று பந்திகளை மொழிபெயர்த்து, நுணுக்குக்காட்டியின் படமொன்றையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இத்தொழிலிலேயே தலைநரைத்தவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்: இது பாதிச் செய்தி.

மருந்தைப் பற்றி முதலில் பார்ப்போம். கிளியோபிளாஸ்டோமா என்னும் மூர்க்கமான மூளைக் கட்டியை அறுத்தெடுத்தாலும் வேர் மிஞ்சும். கதிர்வீச்சுடன் டெமோசோலோமைட் குளிசையையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஈராண்டு பிழைத்திருந்தோர் நூற்றுக்கு 10.4 இலிருந்து 26.5 ஆக உயர்ந்ததை 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது. அடிப்படைச் சிகிச்சை இன்றும் அதுதான். 2019 இல் ஜேர்மன் வைத்தியர்கள் அதனுடன் லோமஸ்டீன் என்ற பழைய மருந்தையும் கூட்டினார்கள். நோயாளர்களின் இடைநிலை ஆயுள் 31.4 மாதங்களிலிருந்து 48.1 மாதங்களானது.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆய்வில் கணக்கிடப்பட்டோர் வெறும் 129 பேர். டெமோசோலோமைட் கட்டியின் மரபணுப் பொருளில் உண்டாக்கும் சேதத்தை எம்.ஜி.எம்.ரி. என்ற புரதம் திருத்திவிடும். அப்புரதத்துக்கான மரபணு அடங்கிக் கிடப்பவர்கள் மட்டுமே அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அதை அறிய ஒரு பரிசோதனை வேண்டும். பெவாசிசுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தைக் கூட்டிப் பார்த்த இரு பெரிய ஆய்வுகள் 2014 இல் வெளியாயின, ஆயுள் நீளவில்லை. எதை எதனுடன் கூட்டினாலும் பலன் கூடும் என்ற நம்பிக்கை இலேகிய வியாபாரிக்குப் பொருந்தும்.

இனி விடுபட்ட பாதி. இச்சிகிச்சை ஆறு வாரம், வார நாட்கள் தோறும் கதிர்வீச்சு; ஒரு நாளும் தவறாமல் குளிசை; இடையிடையே இரத்தப் பரிசோதனை; பிறகு மாதக்கணக்கில் குளிசைச் சுற்றுகள். முள்ளிவாய்க்காலின் மீன்பிடித் தொழிலாளி பரந்தனுக்கு வந்து, ஆனையிறவைக் கடந்து, யாழ்ப்பாணம் தாண்டித் தெல்லிப்பழைக்குப் போய்ச் சேர நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி சேர்த்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வரி வாங்கும் அரசு இருக்க, நடந்தது மக்கள்!

சுகாதார அமைச்சின் இலட்சணமோ ஊரறிந்தது. 2022 நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளின் மருந்து அலுமாரிகள் வெறுமையாயின. தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு தொடர்பில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதானார். குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். முதல் மருந்தே ஒழுங்காக வந்து சேருமா என்று அஞ்சும் நாட்டில் இரண்டாவது மருந்தைப் பற்றிய தலைப்பு யாருக்கு?

"புற்றுநோய்க்குள் முள்ளிவாய்க்காலை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்போர் உண்டு. 2009 இல் அங்கிருந்த தற்காலிக வைத்தியசாலையில் மயக்கமருந்தும் இல்லாமல் அறுவை நடந்தது. சத்திரசிகிச்சைப் பொருட்கள் உள்ளிட்ட மருத்துவ உதவியை அரசு திட்டமிட்டே மறுத்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் எழுதியது. அன்று எடுக்கமுடியாமல் விட்ட எறிகணைச் சிதறல்களோடு இன்றும் மனிதர்கள் அங்கு வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மூளையில் கட்டி வந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பதே சிக்கல். அந்த இயந்திரம் ஒரு பெரும் காந்தம். உடலுக்குள் கிடக்கும் இரும்புத் துண்டு அதனுள் அசையலாம், சூடாகலாம். துண்டு எங்கே, எத்தகையது என்று பார்த்த பின்னரே அனுமதிப்பார்கள். சிலருக்கு முடியாது என்றே சொல்லிவிடுவார்கள். கட்டியின் எல்லையைத் தெளிவாகக் காட்டும் படமே கிடைக்காதவருக்கு எந்த மருந்துக் கூட்டைக் கொடுப்பீர்கள்? காயமும் நோயும் ஒரே உடம்பில் இருக்கும்போது நான் எப்படிப் பிரித்து எழுதுவது?

புலம்பெயர் உறவுகளே, அந்தத் தலைப்புகளை ஊருக்கு அனுப்புவதைச் சற்று நிறுத்துங்கள். ஆறு வாரம் தங்க ஓர் அறையும் பேருந்துக் காசும் அனுப்புங்கள். அதுவும் உங்கள் கடமையன்று, அரசின் கடமை. ஆயினும் கட்டி காத்திருக்காது. மே 18 அன்று கஞ்சி குடித்துப் படமெடுக்க வரும் அரசியல்வாதிகளிடம் ஒன்று கேளுங்கள்: எம்.ஜி.எம்.ரி. பரிசோதனையை அரச செலவில் செய்யவும், தொடங்கிய குளிசை இடையில் நின்றுபோகாதிருக்கவும் நாடாளுமன்றத்தில் எத்தனை தடவை எழுந்து நின்றீர்கள்? பதிலைத் திகதியோடு எழுதி வாங்குங்கள்.