உருவில்லா ஓவியம்

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூல்நிலையத்தில் நண்பர் சிலரோடு ஓர் ஓவிய நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதிற் கே. சி. எஸ். பணிக்கர் என்பார் தீட்டிய படமொன்று இருந்தது. ஆளுருவம் இல்லை; மலையும் மரமும் இல்லை. சாதகக் கட்டம் போன்ற கட்டங்களும், மலையாள எழுத்தை ஒத்தனவாயினும் படித்தற்கு இயலாத வரிகளுமே காணப்பட்டன. "எழுத்தறியாப் பிள்ளை சுவரிற் கிறுக்கியது போலும்!" என்றார் ஒரு நண்பர். யாவரும் நகைத்தனர், யானும் நகைத்தேன். பொருள் தராத எழுத்தும் ஓர் எழுத்தோ என்பது தமிழ் பயிலும் என் எண்ணம்.

அந்நகைப்புத் தவறென்று இன்று கருதுகின்றேன். அதன் காரணத்தை அன்பர்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

இவ்வகை ஓவியம் மேனாட்டுச் சரக்கு என்பர் பலர். ஒருபுடை அது மெய்யே. பொருள்களின் உருவை விடுத்து, நிறமும் கோடுமே உள்ளத்தோடு பேசவல்லன என்னும் கொள்கையை உருசிய ஓவியர் காண்டின்ஸ்கி 1911-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் விளக்கினார். சொல்லின் துணையின்றியே நெஞ்சை உருக்கும் இசையை அதற்கு ஒப்புமை காட்டினார்.

ஆயினும், சென்னையில் நிகழ்ந்தது வெறும் இரவலன்று. 1850-இல் தோன்றிய சென்னை ஓவியப் பள்ளிக்கு 1957 முதல் தலைவராயிருந்த பணிக்கர், 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். முதலிற் கணிதக் குறிகளையும் உரோம எழுத்துக்களையும் கையாண்ட அவர், பின்னர் மலையாள எழுத்தையும் சாதகக் கட்டத்தையும் நாடினார். உலகெங்கும் சுற்றிய அக்கொள்கை நம் வீட்டு ஓலைச்சுவடியருகே வந்து அமர்ந்தது எனலாம்.

இதனை எனக்கு உணர்த்தியவர் எம் பாட்டியாரே. சுத்துக்கேணியில் எங்கள் இல்லத்தில் கிறிஸ்து பிறப்பு நாளன்று விடியுமுன் வாசல் தெளித்துப் புள்ளிக் கோலம் இடுவார். சென்ற மார்கழியில் அருகில் நின்று நோக்கினேன். அக்கோலத்திற் பூவும் இல்லை, புள்ளும் இல்லை. புள்ளி ஒன்றும் விடுபடாமல், இழை எங்கும் அறுபடாமல் வளைந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. அதன் பொருள் யாதென்று எம் தெருவில் எவரும் வினவியதில்லை. வாசலிற் கண்டால் மிதியாது ஒதுங்கிச் செல்லும் நாம், துணியில் தீட்டக் கண்டால் நகைப்பது ஏன்?

கோலத்தின் நெறி ஊரறிந்தது. ஓவியனின் நெறியோ அவன் ஒருவனே அறிந்தது என்று தடை கூறலாம். உண்மையே. அதனாலன்றோ பொறுமையோடு நோக்குதல் வேண்டும் என்கின்றேன்! திறமையற்றோர் சிலர் இப்போர்வையில் மறைதலும் கூடும். போலிச் செய்யுள் மலிந்தமையால் நாம் செய்யுளையே வெறுத்தோமா?

நம் நகைப்புக்கு ஒரு விலையும் உண்டு. 1966-இல் பணிக்கரும் அவர்தம் மாணவரும் மாமல்லபுரம் செல்லும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். ஓவியத்தை மட்டும் நம்பி உயிர் வாழ்தல் அவர்க்கு அரிதாயிருந்தது. மெழுகிட்டுச் சாயந் தோய்த்த பாத்திக் துணி முதலிய கைத்தொழிற் பொருள்களை விற்று, அவ்வருவாயினாலேயே தம் கலையைக் காத்தனர். ஓவியம் வாங்குவாரும் ஊன்றி நோக்குவாரும் மிக்கிருந்தால், அக்கைகளுக்கு ஓவியத்திற்கென்றே எத்துணைப் பொழுது கிடைத்திருக்கும்!

எல்லா ஓவியத்தையும் புகழ்தல் வேண்டும் என்று யான் கூறவில்லை. நகைக்குமுன் ஒரு நாழிகை நோக்குவோமாக என்பதே என் வேண்டுகோள். அந்நூல் இன்றும் நம் நூல்நிலையத்தில் உள்ளது. அதனை மீண்டும் விரித்தேன். அவ்வெழுத்துக்களை இன்றும் என்னாற் படிக்க இயலவில்லை. ஆனால், அவற்றைப் பார்க்க இப்பொழுது கற்றுக்கொண்டு வருகின்றேன்.