பீர் காய்ச்ச ஒரு அண்டா போதும் அண்ணாச்சி!

வீட்டிலேயே பீர் காய்ச்சணும்னு ஆசைப்படுற எல்லாரும் முதல்ல செய்யற காரியம், பளபளன்னு மின்னுற எவர்சில்வர் மெஷின் படத்தைப் பார்த்து ஏங்குறது. ரெண்டாவது காரியம், அதோட விலையைப் பார்த்துட்டு ஆசையை மூட்டை கட்டிப் பரண்ல போடுறது. ரெண்டுமே தேவையில்லை என்பது என் கட்சி. ஆரம்பிக்கிறவன் காசைப் பாத்திரத்துல போடக்கூடாது. சுத்தத்துலயும் சூட்டுலயும் போடணும். ஏன்னு சொல்றேன்.

நான் சாகுபுரத்துக்காரன். இப்போ இருக்கிறது சிங்கப்பூர்ல, ஒரு வீவக அடுக்குமாடி வீட்ல. அடுப்பு ரெண்டு, சமையலறை கையகலம். நான் சொல்றதெல்லாம் இந்த மாதிரி வீட்டுக்கும் இந்த வெக்கைக்கும் ஏத்த கணக்கு.

முதல்ல சட்டம். சிங்கப்பூர்ல 18 வயசு ஆனவங்க தங்கள் வீட்ல, சொந்த உபயோகத்துக்கு, ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும் காய்ச்சிக்கலாம். விக்கக் கூடாது, வாலை வடிக்கக் கூடாது. பிரிட்டன்ல 1963-லயே இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அமெரிக்காவுல 1978-ல கார்ட்டர் கையெழுத்துப் போட்டு அனுமதி குடுத்தார். நம்ம தமிழ்நாட்ல 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கு; 1987-ல இருந்து கள்ளுக்கே தடை. அங்க வீட்ல காய்ச்சினா, போலீஸ் பாஷையில அதுக்குப் பேரு 'ஊறல்'. அதனால ஊர்ல இருக்கிற மக்கா, வாசிச்சிட்டு அப்படியே விட்ருங்க :-)

இனி விஷயம். வீட்ல பீர் காய்ச்ச ரெண்டு வழி இருக்கு. டப்பாவுல வர்ற மால்ட் பாகைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சுறது ஒண்ணு. முளைகட்டி உலர்த்தின பார்லியை உடைச்சு, நாமே வெந்நீர்ல ஊறவெச்சு, அதோட மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி எடுக்கிறது இன்னொண்ணு. இந்த ரெண்டாவதைத்தான் முழுத் தானிய முறைங்கிறாங்க. 65-ல இருந்து 68 டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் ஊறினா, தானியத்துல இருக்கிற நொதியே அந்த வேலையைச் செஞ்சிரும். அப்புறம் வடிச்சு, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவெச்சு, ஈஸ்ட் போடணும். அவ்ளோதான்.

இதுல எங்கே பாத்திரம் பெருசா வேலை செய்யுது? எங்க ஊர்ப்பக்கம் பனையைப் பாருங்க. உடன்குடி வழியில போனா ஒரே மரம், ஒரே பாளை, ஒரே மண் கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினா விடியக்காலையில இறங்குறது பதநீர். தடவாமக் கட்டினா கள்ளு. கலயம் எத்தனை ரூபாய்ங்கிற கேள்வியே அங்க இல்ல. உள்ளே எந்த நுண்ணுயிரை விடுறோம், எதை விடமாட்டோம்ங்கிறதுதான் மொத்தச் சூட்சுமமும். பனையேறிக்குத் தெரிஞ்ச இந்த உண்மையை மெஷின் விக்கிறவங்க நமக்குச் சொல்ல மாட்டாங்க.

சரி, எவ்வளவு காய்ச்சலாம்? புத்தகங்கள்ல இருக்கிற கணக்கெல்லாம் 20, 23 லிட்டர். நான் சொல்றது 10 லிட்டர். மாசம் 30 லிட்டர்தான் எல்லைன்னா, 23 லிட்டர் கணக்குல ஒரு தடவைதான் காய்ச்ச முடியும். 10 லிட்டர்னா மூணு தடவை. கத்துக்கிறவனுக்கு அளவு முக்கியமில்லை, தடவைதான் முக்கியம். ஒண்ணு சொதப்பினாலும் போறது ரெண்டேகால் கிலோ தானியம்தான்.

10 லிட்டருக்கு 20 லிட்டர் பிடிக்கிற ஒரு அண்டா போதும். தண்ணி பதினஞ்சரை லிட்டர் ஊத்துவோம். தானியம் ஒண்ணரை லிட்டரை உறிஞ்சிக்கும், கொதியில ஒரு மூணு லிட்டர் ஆவியாப் போகும், அடிவண்டல் ஒரு லிட்டர். மிச்சம் பத்து. அண்டா எவர்சில்வரா இருந்தா நல்லது, அலுமினியமா இருந்தாலும் பரவாயில்ல. ஆனா அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவாதீங்க. காஸ்டிக் சோடா தயாரிக்கிற ஆலையைச் சுத்தி உருவான ஊர்ல வளர்ந்தவன் சொல்றேன், அது அலுமினியத்தை அரிச்சுத் தின்னுரும்.

வெந்நீருக்கு ஒண்ணு, ஊறவைக்க ஒண்ணு, கொதிக்க ஒண்ணுன்னு மூணு பாத்திரம் வேணும்னு பழைய முறை சொல்லும். 2000-களின் நடுவுல ஆஸ்திரேலியாவுல சில ஆளுங்க அதை மாத்தினாங்க. ஒரே அண்டா, உள்ளே ஒரு துணிப்பை, பைக்குள்ள தானியம். ஊறினதும் பையைத் தூக்கி வடியவிட்டு, அதே அண்டாவைக் கொதிக்கவைக்கிறது. ரெண்டு பாத்திரத்துக் காசு மிச்சம். பைக்கு வேட்டித் துணி வேண்டாம், நெசவு நெருக்கம், சீக்கிரம் வடியாது. மெல்லிசு பாலியெஸ்டர் திரைச்சீலைத் துணியை டெய்லர்கிட்ட குடுத்து, அண்டா வாயைவிடக் கொஞ்சம் பெருசா தைச்சு வாங்கிக்கலாம். அடியில ஓட்டை போட்ட இட்லித்தட்டு ஒண்ணு கவுத்து வெச்சா பை தீயாது. ஊறும்போது அண்டாவைச் சுத்திப் பழைய போர்வை (அடுப்பை அணைச்சுட்டுத்தான், ஹி ஹி).

கஞ்சத்தனம் பண்ணக்கூடாத இடம் தெர்மாமீட்டர். கருப்பட்டி காய்ச்சுற அம்மாமார் பாகு பதத்தைக் கண்ணால பார்த்தே இறக்கிருவாங்க. அது பரம்பரைக் கை. நமக்கு 65-க்கும் 75-க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா நொதிக்குத் தெரியும். 65 பக்கம் நின்னா பீர் லேசா இருக்கும், 68 பக்கம் போனா கனமா இருக்கும், 75-ஐத் தாண்டினா நொதி வேகமாச் செத்துரும். நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், சமையல் தராசு. அளவு பார்க்க இந்த மூணு போதும்.

அரவை மெஷினும் வேண்டாம். கடையிலயே உடைச்சுத் தருவாங்க. மிக்ஸியில போட்டு மாவாக்கிராதீங்க. பருப்பு நாலஞ்சாக உடையணும், உமி முழுசா இருக்கணும்.

அடுத்து செப்புச் சுருள். குழாய்த் தண்ணியை அதுக்குள்ள ஓடவிட்டுக் கொதிச்ச சாறை ஆறவைப்பாங்க. குளிர் நாட்டுக் குழாய்க்கு அது சரி. இங்க குழாய்த் தண்ணியே வெதுவெதுன்னுதான் வருது. அதைவிடக் கீழே சூடு எப்படி இறங்கும்? அப்புறம் ஐஸ் வேணும், அப்புறம் நொதிக்க வைக்க ஒரு தனி ஃபிரிட்ஜ் வேணும். ஏன்னா வழக்கமான ஏல் ஈஸ்ட் 18, 20 டிகிரியில இருக்க விரும்புற ஜாதி.

இங்கேதான் நிஜமான சிக்கனம் இருக்கு. வெக்கையோட சண்டை போடாதீங்க, வெக்கைக்குப் பிடிச்ச ஈஸ்டை வாங்குங்க. நார்வே பண்ணைவீடுகள்ல தலைமுறை தலைமுறையா காப்பாத்தி வெச்ச 'க்வைக்' ஈஸ்ட் இப்போ உலர்த்தின பாக்கெட்டா கிடைக்குது. அதுல வாஸ்னு ஒரு வகை 35-ல இருந்து 40 டிகிரியில சந்தோஷமா வேலை செய்யும். குளிர் நாட்டுல பொறந்த ஈஸ்ட்டுக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துப்போறது வேடிக்கைதான். அதைப் போட்டா செப்புச் சுருளும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். அடுப்பை அணைச்சு, ஆவி அடங்குறதுக்குள்ள மூடியைப் போட்டு, ராத்திரி அப்படியே விட்ருங்க. கொதிக்கிற அண்டாவைத் தூக்கிட்டு அலைய வேண்டியதும் இல்ல. இந்தப் பொழுதுபோக்குல வெந்துபோறதுதான் பெரிய ஆபத்து.

நொதிக்க உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி ஒண்ணு போதும். உள்பக்கம் கம்பி நார் போட்டுத் தேய்க்காதீங்க, கீறல்லதான் கிருமி குடியிருக்கும். மூடியை இறுக அடைக்காம, ஒரு டியூப் செருகி தண்ணி டம்ளர்ல முக்கிவிடுங்க, காத்து வெளியேறட்டும். கொதிக்கு அப்புறம் சாறைத் தொடுற எல்லாத்தையும், கரண்டி முதக்கொண்டு, கழுவிட்டு, கிருமிநீக்கியில நனைக்கணும். பீர் காய்ச்சவே விக்கிற அமிலக் கிருமிநீக்கி ஒரு பாட்டில் பல மாசம் வரும். இதுதான் நம்ம சுண்ணாம்பு. ஒண்ணு மட்டும்: அமிலத்தையும் பிளீச்சையும் ஒண்ணாச் சேர்த்துராதீங்க, குளோரின் வாயு வரும்.

பாட்டிலுக்குக் காசே வேண்டாம். காலி சோடா பெட் பாட்டில், 1.5 லிட்டர், அழுத்தம் தாங்குறதுக்குன்னே செஞ்சது. அமுக்கிப் பார்த்தாலே கேஸ் ஏறிருச்சான்னு தெரியும். ஜூஸ் வந்த மெல்லிசு கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் ரெண்டு மூணு நாளா ஒரே எண்ணைக் காட்டின பிறகு, லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை போட்டு மூடுங்க. ரெண்டு வாரம் பொறுமை.

'கள்ளச்சாராயம் மாதிரி கண்ணு போயிராதா?'ன்னு ஊர்ல கேப்பாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேல உயிர் போனது மெத்தனால் கலந்த சாராயத்தால. தானியத்தை நொதிக்கவைக்கிற பீர்ல அந்த அளவு மெத்தனால் உண்டாகாது. அதுக்காக வடிக்கிற ஆசை வந்துரக்கூடாது.

ஆக, கையில கொஞ்சம்தான் காசு இருந்தா இந்த வரிசையில செலவு பண்ணுங்க: கிருமிநீக்கி, தெர்மாமீட்டர், நல்ல ஈஸ்ட், ஹைட்ரோமீட்டர், பை. அண்டா கடைசி. வீட்ல இருக்கிற பிரியாணி அண்டாவே அந்த அளவு இருந்தா அதுவும் வேண்டாம். ஒரு ஆறு தடவை காய்ச்சுங்க. அதுக்கப்புறமும் அந்தப் பளபள மெஷின் வேணும்னு தோணினா தாராளமா வாங்குங்க, அப்போ எதுக்கு வாங்குறோம்னாவது தெரிஞ்சிருக்கும்.

டிஸ்கி: குடிக்காதவங்க இதுக்காகக் குடிக்க ஆரம்பிக்க வேண்டாம். குடியை விட முடியாமத் தவிக்கிறவங்க வீட்ல இந்த அண்டா ஏறவே வேண்டாம்.